பார் தேர்வில் பதினொன்றாவது திருத்தம்: கஜானாவைப் பார்த்துப் படியுங்கள்

அமெரிக்காவில் வழக்கறிஞராக எழுத வேண்டிய பார் தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்நாட்டு அரசமைப்பின் பதினொன்றாவது திருத்தத்தின் வாசகத்தை மனப்பாடம் செய்து பெரிய பயன் இல்லை. வேறு மாநிலத்தவரோ வெளிநாட்டவரோ ஒரு மாநிலத்தின் மீது ஃபெடரல் (மத்திய) நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் சொந்த மாநிலத்தவருக்கும் அந்தத் தடை உண்டு என்றது 1890இல் வந்த ஹான்ஸ் எதிர் லூசியானா தீர்ப்பு.

எனக்கு இந்தப் பகுதி பிடிபட்டது, தீர்ப்புகளை ஆண்டு வரிசையில் கதையாகப் படித்தபோதுதான். புரட்சிப் போரின்போது வாங்கிய சரக்குக்கு ஜார்ஜியா பணம் தரவில்லை. இறந்துபோன வியாபாரியின் சொத்தை நிர்வகித்த சிஷோம் வழக்குப் போட, 1793இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கடன் சுமையில் இருந்த மாநிலங்கள் பதறிப்போயின. 1795இல் திருத்தமே வந்துவிட்டது! ஆக, பயமெல்லாம் கஜானாவைப் பற்றியதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் பிந்தைய தீர்ப்புகள் பலவும் வரிசையாக வந்து உட்காரும்.

மினசோட்டாவின் ரயில் கட்டணச் சட்டத்தை எதிர்த்தவர்கள் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (தலைமைச் சட்ட அதிகாரி) எட்வர்ட் யங் மீது வழக்குப் போட்டார்கள். அரசமைப்புக்கு விரோதமான சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரிக்கு மாநிலத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம், 1908இல். அதே செயல், மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் பதினான்காவது திருத்தத்தின் கீழ் மட்டும் மாநிலத்தின் செயலாம்! தர்க்கம் இடிக்கத்தான் செய்கிறது, ஆனால் தேர்வில் அதோடு சண்டை போடாதீர்கள். 1974இல் எடல்மேன் எதிர் ஜோர்டன் வழக்கு இதற்கு எல்லை போட்டது: இனிமேல் சட்டப்படி நட என்று அதிகாரிக்கு உத்தரவிடலாம், பழைய பாக்கியை மாநில கஜானாவிலிருந்து கொடு என்று சொல்ல முடியாது.

அதனால் கேள்வியைப் படித்ததும் பிரதிவாதி யார், கேட்பது என்ன என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். பிரதிவாதி நகராட்சியோ கவுண்டியோ (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) என்றால் இந்தப் பாதுகாப்பே கிடையாது. வழக்குப் போடுவது அமெரிக்க அரசோ இன்னொரு மாநிலமோ என்றாலும் தடை இல்லை.

அப்புறம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு அது மாநிலத்தின் பாதுகாப்பை நீக்கலாம் என்ற விடை பார்க்க அழகாக இருக்கும், 1996 செமினோல் தீர்ப்புக்குப் பிறகு அது தவறு. பதினான்காவது திருத்தத்தை அமல்படுத்த காங்கிரஸுக்கு அதிகாரம் தரும் அதன் ஐந்தாம் பிரிவின் கீழ் என்றால் முடியும். ஃபெடரல் சட்டத்தின் கீழான அதே கோரிக்கையை மாநில நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் தப்பிக்கலாமே என்று ஒரு விடை ஆசை காட்டும். ஆல்டன் எதிர் மெயின், 1999: மாநிலம் சம்மதிக்காவிட்டால் அதுவும் நடக்காது.