மஞ்சள் பென்சிலில் ஒரு கண்டம்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எங்கள் புவியியல் சேரின் ஞாபகம்தான் வந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக நான் அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன். இந்த மண்ணை எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

சேர் தேசப்படத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் அவுஸ்திரேலியாவைக் கீறுவார். வடக்கு நுனியான யோர்க் முனையில் வெண்கட்டியை வைத்தால், கார்ப்பென்ராரியா குடாவுக்குள் இறங்கி ஏறி, மேற்கே சுற்றி, தெற்கில் பெருங்குடாவின் வளைவை ஒரே இழுப்பில் இழுத்து, கிழக்குக் கரையால் மேலே ஏறித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை வெண்கட்டி பலகையை விட்டு எழும்பாது. அப்புறம் நாங்கள் கொப்பியில் வர்ணம் தீட்ட வேண்டும். கிழக்குக் கரையோரம் ஒல்லியாக ஒரு பச்சைக் கீற்று, வடக்கு நுனிகளிலும் தென்மேற்கு மூலையிலும் கொஞ்சம் பச்சை, மீதி வறண்ட நிலம் முழுக்க மஞ்சள். அந்த ஒரு படத்திலேயே என் மஞ்சள் பென்சில் பாதியாகத் தேய்ந்துபோனது.

ஏன் இவ்வளவு வறட்சி என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் மலையைச் சொல்வோம். பசிபிக் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் காற்று கிழக்குக் கரையோரமாக நீளும் பெரும் பிரிப்பு மலைத்தொடரில் முட்டி மேலெழுந்து, கடல் பக்கச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்டு இறங்குகிறது. சரி, ஆனால் அதை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான் என்பார். மகரக்கோடு கண்டத்தின் நடுவால் போகிறது, அந்த அகலக்கோடுகளை ஒட்டி மேலிருந்து காற்று கீழே இறங்கியபடியே இருக்கும், இறங்கும் காற்று சூடேறும், சூடேறினால் முகில் திரளாது. மலை இல்லாவிட்டாலும் நடுப்பகுதி பாலைதான். அந்த மீதிப் பாதிப் புள்ளிக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இங்கே வந்த சில வருடங்களில் சிட்னியிலிருந்து மேற்கே உள்நாட்டிலுள்ள புரோக்கன் ஹில்வரை காரில் போனோம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சிட்னியில் வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை, புரோக்கன் ஹில்லில் 250 அளவுதான். அந்த மலைத்தொடரின் நீல மலைகளில் பள்ளத்தாக்கு நிறைய யூக்கலிப்ரஸ் காடு, இறங்கினால் புல்வெளியும் கோதுமை வயலும், பிறகு மரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, குட்டையாகி, மண் சிவந்துகொண்டே போனது. மலையையும் மழையையும் விளக்கச் சேர் கீறிய குறுக்குவெட்டுப் படத்துக்குள் கார் ஓடுவது போலவே இருந்தது எனக்கு.

ஆனால் மஞ்சள் இல்லை. மண் செங்கல் நிறம், அதன்மேல் சாம்பல் பச்சையில் உப்புப் புதர்களும் முல்கா மரங்களும். முல்கா ஒருவகை அக்கேசியா. காரை நிறுத்தி ஒன்றின் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஊசி போன்ற இலைகள் எல்லாம் வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. பெய்கிற கொஞ்ச மழையும் இலையில் விழுந்து, கிளையில் இறங்கி, தண்டு வழியாக வடிந்து தன் வேரடியிலேயே சேரும்படி அந்த மரம் தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. யூக்கலிப்ரஸோ நேர்மாறு, உச்சி வெயில் நேரே படாமல் இலைகளைக் கீழே தொங்கவிட்டிருக்கும்.

நெருப்பைப் பற்றிச் சேர் ஒரு வரிதான் சொன்னார், அது இந்தக் காடுகளின் வாழ்க்கையோடு சேர்ந்தது என்று. 2009 பெப்ரவரி 7 அன்று மெல்பேர்ணில் 46.4 பாகை வெப்பம், அந்த மாநிலத்தில், பெரும்பாலும் நகருக்கு வடக்கே, எரிந்த காட்டுத் தீயில் 173 பேர் இறந்தார்கள். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனோம். கரிக்கட்டையாய் நின்ற யூக்கலிப்ரஸ் மரங்களின் அடியிலிருந்து நுனிவரை, பட்டையைப் பிளந்துகொண்டு பஞ்சு பஞ்சாகத் தளிர். பட்டைக்குக் கீழே உறங்கிக்கிடந்த மொட்டுகள் அவை.

எல்லா யூக்கலிப்ரஸும் அப்படித் தப்புவதில்லை. மவுண்டன் ஆஷ், 90 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது, பூக்கும் தாவரங்களிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று, கடும் தீயில் செத்துவிடும். சாகும்போது உச்சியிலுள்ள காய்கள் வெடித்து விதையைச் சாம்பலில் கொட்டும். அந்த விதையில் முளைக்கும் மரம் தானும் போதிய விதை வைக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்தக் காடு அங்கே திரும்பாது, வேறு மரங்கள் இடத்தைப் பிடித்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் எனக்கு இந்தக் கவலை இருக்கிறது.

2009இல் அந்தப் பக்கம் போனபோது விரல் உயரத்தில் கண்ட மவுண்டன் ஆஷ் கன்றுகள் இன்று அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள். போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அந்தக் கறுத்த சரிவில் இன்றைக்கு எவ்வளவு பச்சை என்பதைச் சேரைக் கூட்டிப்போய்க் காட்ட முடியவில்லையே என்பதுதான் மனதில் கிடக்கிறது. என் கொப்பி இடம்பெயர்வில் தொலைந்துபோனது. நம் வகுப்பில் யாரிடமாவது அந்தப் படம் மிஞ்சியிருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.