வாடைக்காற்றும் வலந்தலையும்: மார்கழி நாட்குறிப்பு

டிசம்பர் 29, 2024, ஞாயிறு. இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊர்.

மூன்று நாள்களாக வாடைக்காற்று விடவில்லை. என் மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையின் தோல் கடலின் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து, ஸ்ருதி அளவான கட்டைக் கணக்கில் கால் கட்டைக்கும் மேலாக இறங்கியிருந்தது. விடியற்காலையில் கல்லும் மரத்துண்டும் எடுத்து, விளிம்புப் பின்னலைச் சுற்றிலும் தட்டித் தட்டி ஐந்து கட்டைக்குக் கொண்டு வந்தேன். பத்து மணிக்கு மேகம் விலகி வெயில் ஏறியதும் தோல் இறுகிக்கொண்டு, சேர்த்த ஸ்ருதி மேலே போய்விட்டது. மதுரையில் குடியிருந்த காலத்தில் இத்தனை தொல்லை இருந்ததில்லை.

செயற்கைத் தோல் பூட்டியதை வாங்கிவிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்று நண்பர் ஒருவர் இரண்டாம் முறையாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் பலாமரக் கட்டையும், மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும், கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கருப்பு வட்டமான கரணையும் சேர்ந்து, விளிம்புத் தோலான மீட்டில் எழுப்பும் நாதம் அதில் எனக்குக் கேட்கவில்லை. பிடிவாதம் என்றும் இதைச் சொல்லலாம்.

ஜனவரி 2, வியாழன்.

மாணவன் வந்தான். ஒரு மாதமாக முதல் பாடச் சொற்களான ‘தத் தித் தொம் நம்’ தவிர வேறு எதையும் தராததில் அவனுக்கு வருத்தம். இன்றும் அதுவே.

ஜனவரி 5, ஞாயிறு. இராமநாதபுரம்.

இராமலிங்க விலாசம் அரண்மனைக்கு அவனையும் அழைத்துச் சென்றேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்களில், போர்க்களமும் இராமாயணமும் ஒருபுறமிருக்க, அரசர் ஆடலும் பாடலும் கண்டு மகிழும் காட்சிகளும் இருக்கின்றன. ஆடுகிறவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வாத்தியக்காரர்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கவாத்தியக்காரனுக்கு அது பழகிய செய்திதான்.

இந்த ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்ட வித்வான்களைப் பற்றிப் பேருந்தில் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919) இராமநாதபுரத்தில் பிறந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர். இன்றைய கச்சேரியின் அமைப்பை வகுத்தவராகப் போற்றப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு. பாட்டில் சங்கரசிவமும் மிருதங்கத்தில் முருகபூபதியும் இதே ஊரின் சகோதரர்கள். மூத்தவரான சங்கரசிவம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடர், பாடகர் டி.என். சேஷகோபாலனின் குரு. 1914இல் பிறந்த இளையவரை மிருதங்க வித்வான்களான பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு ஒருசேர வைத்துச் சொல்வது ரசிகர் வழக்கம். அவர்களுடைய தந்தை சித்சபை சேர்வையும் மிருதங்கம் வாசித்தவர் என்றதும், “அப்படியென்றால் அவர்கள் வீட்டுத் தோலும் இப்படித்தான் இறங்கியிருக்குமா, சார்?” என்று கேட்டான். ஒரு மாதத்தில் அவன் கேட்ட கேள்விகளில் இதுதான் சிறந்தது.

இரவு முருகபூபதியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். இடப்பக்கத்தில் தோலை அழுத்தி வழுக்கி எழுப்பும் ‘கும்கி’ ஓசை எழும்போது பாடகரின் குரலுக்கு அடியில் பாய் விரித்ததைப் போலிருக்கிறது. அடித்துப் பெற்ற ஓசையாகத் தோன்றவில்லை. என் விரல்கள் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஜனவரி 12, ஞாயிறு. உத்தரகோசமங்கை.

ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தைய நாள். ஆண்டு முழுவதும் சந்தனக்காப்புக்குள் இருக்கும் இக்கோயிலின் மரகத நடராசரை இன்று ஒரு நாள் மட்டும் காப்புக் களைந்து காட்டுகிறார்கள். மத்தள ஓசையின் அதிர்வை மரகதம் தாங்காது, அதனால்தான் இந்தக் காப்பு என்பது இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். மரகதம் கீறலுக்கு எளிதில் இடம் கொடுக்காத கல்தான். ஆனால் உள்ளே இயல்பாகவே நுண்ணிய வெடிப்புகளைக் கொண்டிருப்பதால் அடிபட்டால் பிளக்கக்கூடியது. ஓசையே அதைப் பிளக்குமா என்பது வேறு கேள்வி. எவ்வாறாயினும், தோற்கருவி வாசிப்பவன் அந்தச் சந்நிதி வரிசையில் நிற்கும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

நெடுநேரம் நின்று, விளக்கொளியில் சில நொடிகளே பச்சைத் திருமேனியைக் கண்டோம். வெளியே வந்ததும் மாணவன் மெல்லச் சொன்னான்: “சார், மத்தளம் ஆகாது என்றீர்கள். நடராசர் தம் கையிலேயே உடுக்கை வைத்திருக்கிறாரே.” எத்தனையோ முறை இங்கு வந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதில்லை. பதில் சொல்லாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 13, திங்கள். மண்டபம்.

விடியும் முன்பே அங்கே புதுச் சந்தனம் சாத்தியிருப்பார்கள். இங்கே வாடை சற்றுத் தணிந்திருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்க முகமான தொப்பிக்கு ரவை பிசைந்து ஒட்டும் வேலையை முதன்முறையாக அவனிடம் விட்டேன். தண்ணீர் கூடிப்போய் முதலில் வழிந்தது. வழித்தெடுத்து மறுபடியும் பிசைந்தான். பிறகு ‘தொம்’ சரியாக விழுந்தது. வலந்தலை மட்டும் அரைக்கால் கட்டை குறைவாகவே இருந்தது. கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.