கோல்ட் ஸ்டேட்டஸ் முடிந்த பிறகு

என் வேலையின் தன்மை மாறி, நேரில் போய்ப் பேசியாக வேண்டிய கூட்டங்கள் பெரும்பாலும் காணொளிக்கு வந்துவிட்டன. அதனால் பல விமான நிறுவனங்கள் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரப்படும் கோல்ட் ஸ்டேட்டஸ் என்ற சலுகைத் தகுதியைப் பல ஆண்டுகளாக வைத்திருந்த எனக்கு, அதைப் புதுப்பிக்கத் தேவையான மைல்கள் இந்த முறை சேரவில்லை. ஸ்டேட்டஸ் போனால் எல்லாமே போய்விடும் என்று நினைத்து, ஆண்டுக் கடைசியில் தேவையே இல்லாத ஊர்களுக்குப் பறந்து மைல் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்த வழியில் போகவில்லை. கோல்ட் என்பது தனித்தனியான ஐந்தாறு சலுகைகளை ஒன்றாகக் கட்டித் தந்த மூட்டை. அதை அவிழ்த்து, எனக்கு உண்மையில் எவை தேவை என்று பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றுக்கு வேறு வழி இருப்பது தெரிந்தது. வழி கிடைக்காதது ஒன்றே ஒன்று. அது எது என்பதை ஸ்டேட்டஸ் இல்லாமல் போன முதல் நீண்ட பயணத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் காலக்கெடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவையான மைல்கள் சேரவில்லை என்று தெரியவரும் நாளும் ஸ்டேட்டஸ் முடிவடையும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. யுனைடெட் நிறுவனத்தின் மைலேஜ்பிளஸ் திட்டத்தில் தகுதிக்கான கணக்கு டிசம்பர் 31 அன்று முடிந்தாலும் பழைய ஸ்டேட்டஸ் ஜனவரி 31 வரை செல்லும். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்வான்டேஜ் திட்டத்தில் மார்ச் மாதம் தொடங்கி பிப்ரவரியில் கணக்கு முடிகிறது. ஸ்டேட்டஸ் மார்ச் 31 வரை நீடிக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் காலண்டர் ஆண்டு என்ற கணக்கே இல்லை. அவரவர் தகுதி பெற்ற நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் ஓடும். உங்கள் திட்டத்தில் இந்த நாள் எது என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முன்னால் செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் சிலவற்றை அதற்குப் பிறகு செய்யவே முடியாது.

அவற்றில் முதன்மையானது, வேறொரு நிறுவனத்தில் ஸ்டேட்டஸ் மேட்ச் கேட்பது. ஒரு நிறுவனத்தில் கோல்ட் வைத்திருப்பவருக்குப் போட்டி நிறுவனம் அதற்கு இணையான தகுதியைத் தற்காலிகமாகத் தந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை பயணம் செய்தால் நீட்டிப்போம் என்று சொல்லும் ஏற்பாடு இது. யுனைடெட் நிறுவனம் இப்படித் தருவது 120 நாட்களுக்கு. விண்ணப்பிக்கும்போது, நடப்பில் உள்ள அட்டையையும் அதன் முடிவுத் தேதியையும் காட்ட வேண்டியிருப்பதால், காலாவதியான அட்டையுடன் போய் நிற்பதில் பயனில்லை. அதே கூட்டணியைச் சேர்ந்த நிறுவனங்கள் பொதுவாக இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மேட்ச் கிடைத்த உடனே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது, ஒருமுறை பயன்படுத்தியவர் மீண்டும் கேட்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம். ஆகவே அடுத்த சில மாதங்களில் அந்த நிறுவனத்தில் பறக்கப்போவது உறுதியானால் மட்டுமே கேட்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு பயணம் கைவசம் இல்லாததால் நான் கேட்கவில்லை. அந்த வாய்ப்பு இன்னொரு ஆண்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, உயர் வகுப்பு இருக்கைக்கு மாற்றித் தரும் அப்கிரேடு வவுச்சர்களும், லவுஞ்ச் எனப்படும் விமான நிலைய ஓய்வறைக்கான அனுமதிச் சீட்டுகளும் கையில் எத்தனை இருக்கின்றன என்று கணக்கெடுப்பது. இவற்றில் சில ஸ்டேட்டஸுடனேயே காலாவதியாகும், சிலவற்றுக்குத் தனித் தேதி உண்டு. மூன்றாவது, நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது. கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. குழந்தைப்பேற்று விடுப்பில் இருப்பவர்களின் ஸ்டேட்டஸை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு குவான்டாஸிடம் இருக்கிறது. வாழ்க்கைச் சூழ்நிலையால் ஸ்டேட்டஸை இழந்தவர்கள் அதைத் திரும்பப் பெற முயல்வதற்கென்றே டெல்டா ‘ரீகிளெய்ம் மை ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வழி வைத்திருக்கிறது. கேட்காதவர்களுக்கு இவை தாமாக வந்து சேர்வதில்லை. ஒரேயடியாக அடிமட்டத்துக்குத் தள்ளாமல் ஒரு படி மட்டும் இறக்கும் திட்டங்களும் உள்ளன. எனக்கும் அப்படித்தான் சில்வர் கிடைத்தது. ஆனால் கூட்டணி அளவில் ஸ்டார் அலையன்ஸ் சில்வர் தருவது காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை மட்டுமே. லவுஞ்சும் கூடுதல் பெட்டியும் அதில் இல்லை.

நான் செய்த இன்னொரு காரியம், வரவிருந்த பயணத்துக்கான டிக்கெட்டை கோல்ட் இருக்கும்போதே எடுத்து, கட்டணமின்றிக் கிடைத்த முன்வரிசை நடைபாதை இருக்கையை அப்போதே தேர்ந்தெடுத்தது. ஸ்டேட்டஸ் முடிந்த பிறகும் அந்த இருக்கை என் முன்பதிவில் அப்படியே இருந்தது. விமானத்தையோ நேரத்தையோ நிறுவனம் மாற்றினால் இருக்கையும் மாறிவிடக்கூடும் என்பதால் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டேன்.

பயண நாளன்று செக்-இன் கவுண்டரில் தொடங்கியது மாற்றம். பிசினஸ் கிளாஸ் வரிசையை ஒட்டியிருந்த கோல்ட் வரிசையைத் தாண்டிப் பொது வரிசையில் நின்றேன். முன்னிரவே செயலியில் செக்-இன் முடித்திருந்ததால் பெட்டியை ஒப்படைப்பதற்கான வரிசை மட்டுமே எனக்கு வேண்டியிருந்தது. அது வேகமாகவே நகர்ந்தது. கவுண்டரில் இருந்தவர் பெட்டியின் கைப்பிடியில் பார்கோடு பட்டையைச் சுற்றி ஒட்டி, வழக்கமாக அதன்மேல் கட்டப்படும் ‘பிரையாரிட்டி’ டேக் இல்லாமலே பெல்ட்டில் தள்ளிவிட்டார். அந்த டேக்கை நான் பெரிய இழப்பாக நினைக்கவில்லை. அது கட்டப்பட்ட பெட்டி எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்த அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு.

பெட்டியின் எடை விஷயம் அப்படியல்ல. எடையைக் கணக்கிடும் தடங்களில் கோல்ட் உறுப்பினருக்கு 20 கிலோ கூடுதலாகவும், எண்ணிக்கையைக் கணக்கிடும் தடங்களில் ஒரு பெட்டி கூடுதலாகவும் கிடைக்கும். இந்தப் பழக்கத்தில் இருந்தவர்கள் ஸ்டேட்டஸ் போனதை மறந்து பழைய சுமையுடன் வந்தால், கவுண்டரில் கட்டும் தொகை மனத்தை வருத்தும். கூடுதல் சுமையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது கவுண்டரில் வாங்குவதைவிட மலிவு என்பது அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் உள்ள நிலைமை. அதைவிட நல்ல வழியும் சில நேரம் அமைவதுண்டு. பெட்டியே சேராத மிகக் குறைந்த கட்டணத்துக்கும் அதற்கு அடுத்த படியில் உள்ள கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம், பெட்டிக்குத் தனியாகக் கட்டுவதைவிடக் குறைவாக இருக்கலாம்; அடுத்த படியில் தேதியை மாற்றும் வசதியும் சேர்ந்து வரலாம். கோல்ட் இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறைந்த கட்டணத்தை எடுக்க முடிந்தது. இப்போது நான் கட்டண விதிகளை வரிவரியாகப் படித்த பிறகே டிக்கெட் எடுக்கிறேன்.

லவுஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992 முதல் இருந்துவரும் பிரையாரிட்டி பாஸ் போன்ற உறுப்பினர் திட்டங்கள் உண்டு, கடன் அட்டையுடன் சேர்ந்து வரும் அனுமதி உண்டு, ஒரு முறைக்கு மட்டும் பணம் கட்டி நுழையும் வசதியும் பல இடங்களில் உண்டு. கூட்டம் மிகுந்த நேரத்தில் இவ்வாறு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அன்று லவுஞ்சுக்குப் போகவில்லை. காலியான ஏறும் வாயில் ஒன்றின் அருகே, மின்செருகி உள்ள இருக்கையில் அமர்ந்து வேலையை முடித்துக்கொண்டேன். விமானத்தில் முதலில் ஏறும் உரிமைக்கும் இதே கதைதான். தலைக்கு மேலுள்ள பெட்டகத்தில் இடம் பிடிக்கத்தான் அந்த உரிமை தேவைப்படுகிறது. முன் இருக்கைக்குக் கீழே அடங்கும் பையுடன் வருபவர் கடைசியாக ஏறினாலும் நஷ்டம் இல்லை.

உண்மையான சோதனை இணைப்பு விமானத்தில் வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் விமான நிலையத்தில் இறங்கி அடுத்த வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தபோதே, அந்த விமானம் ரத்து செய்யப்பட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. மாற்று ஏற்பாட்டுக்கான கவுண்டரை அடைந்தபோது, பொது வரிசை தூணைச் சுற்றி வளைந்து, அடுத்த வாயிலின் இருக்கைகள்வரை நீண்டிருந்தது. பக்கத்திலேயே கோல்ட் உறுப்பினர்களுக்கான வரிசையில் மூன்று நான்கு பேர் மட்டும் நின்றார்கள். முன்பெல்லாம் இத்தகைய வேளைகளில் நான் கவுண்டருக்கு வந்து சேர்வதற்குள் யாரோ ஒருவர் எனக்கு அடுத்த விமானத்தில் இடம் போட்டு வைத்திருப்பார். இல்லையென்றால் கோல்ட் உறுப்பினர்களுக்கான தொலைபேசி எண்ணை அழைத்தால் உடனே எடுப்பார்கள். ஸ்டேட்டஸ் தந்தவற்றில் பணம் கொடுத்து வாங்க முடியாதது இந்தக் கவனிப்புதான் என்பது அந்த வரிசையில் நின்றபோது விளங்கியது.

ஆனால் கவனிப்பு இல்லாவிட்டாலும் உரிமை இருந்தது. 261/2004 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய விதி, ஒன்றியத்தின் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். விமானம் ரத்தானால், கட்டணத்தைத் திரும்பப் பெறுவதா, முடிந்தவரை சீக்கிரம் வேறு வழியாகச் சேருமிடம் போவதா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் உணவும், இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த விதியில் கோல்ட், சில்வர் என்ற பேச்சே கிடையாது. என்னுடைய முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்ததால், கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நிறுவனத்தின் கடமையாக இருந்தது. தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இந்தப் பிடிமானம் கிடைத்திருக்காது.

வரிசையை விடாமல் நின்றபடியே, அதே கூட்டணியைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்தின் மாலை விமானத்தில் இடம் விற்பனைக்கு இருக்கிறதா என்று கைப்பேசியில் தேடினேன், இருந்தது. பிறகு, அந்த நேரத்தில் நெரிசல் குறைவாக இருக்கக்கூடிய வேறொரு நாட்டில், என் விமானத்தை ரத்து செய்த நிறுவனம் வைத்திருக்கும் உதவி எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் பேசியவரிடம் ‘எனக்கு ஏதாவது செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், புக்கிங் எண்ணையும் நான் பார்த்து வைத்திருந்த விமானத்தின் எண்ணையும் சொல்லி, ‘இதில் மாற்றித் தர முடியுமா?’ என்று கேட்டேன். சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மாற்றிவிட்டதாக அவர் சொன்னார். டிக்கெட்டும் மறுபடி வழங்கப்பட்டுவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே அழைப்பை முடித்தேன். இடம் போட்டுவிட்டு டிக்கெட்டை மாற்றாமல் விட்டுவிட்டால் வாயிலில் தடுத்து நிறுத்திவிடுவார்கள். என் பெட்டியும் அன்றிரவே என்னுடன் வந்து சேர்ந்தது.

ஸ்டேட்டஸ் போனபோது கூடவே போகாதவை, டிக்கெட் எடுக்கச் செலவழிக்கும் மைல்கள். தகுதியைத் தீர்மானிக்கும் மைல் வேறு, செலவழிக்கும் மைல் வேறு என்பதைப் புதியவர்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். யுனைடெட், டெல்டா ஆகியவற்றின் மைல்களுக்குக் காலாவதி இல்லை. கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் முடியும். அட்வான்டேஜில் 24 மாதம் கணக்கில் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் போய்விடும். இவற்றைச் சில்லறையாகக் கரைக்காமல் சேர்த்து வைத்து, இரவு முழுதும் பறக்க வேண்டிய நீண்ட தடத்தில் பிசினஸ் கிளாஸ் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த ஒரு நாளைக்கு கோல்டில் இருந்த தனி வரிசை, லவுஞ்ச், கூடுதல் சுமை மூன்றும் மீண்டும் கிடைக்கின்றன; படுத்துத் தூங்க இருக்கையும் கிடைக்கிறது.

வாழ்நாள் ஸ்டேட்டஸை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என் ஆலோசனை வேறு. யுனைடெட்டில் பத்து லட்சம் மைல் பறந்தவருக்கு கோல்ட் நிரந்தரம். குவான்டாஸில் 14,000 ஸ்டேட்டஸ் கிரெடிட் (தகுதியைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) சேர்ந்தால் வாழ்நாள் கோல்ட். ஏர் பிரான்ஸ், கேஎல்எம் நிறுவனங்களின் ஃப்ளையிங் புளூவில் தொடர்ந்து பத்து ஆண்டுகள் பிளாட்டினம் வைத்திருந்தால் அது வாழ்நாளுக்கும் நீடிக்கும். கடைசியாகச் சொன்னதில் ஓராண்டு தவறினாலும் தொடர் அறுந்துவிடும் என்பதால், எட்டாவது ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர் கூடுதலாகப் பறப்பதில் நியாயம் இருக்கிறது. நான் அந்த எல்லைகளுக்கு அருகில் இல்லை.

ஆகவே இனி எந்தத் திட்டத்தில் மைல் சேர்ப்பது என்பதை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒரே கூட்டணிக்குள் எந்த நிறுவனத்தில் பறந்தாலும், நாம் விரும்பும் ஒரு திட்டத்தில் அந்தப் பயணத்தைப் பதிவுசெய்யலாம். கோல்டுக்கான எல்லையும் பலனும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகின்றன. மைலேஜ்பிளஸில் கோல்ட் பெற்றவர் அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் மட்டும் பறக்கும்போது யுனைடெட்டின் லவுஞ்சுக்குள் போக முடியாது. அதே விமானத்தில், வேறொரு நிறுவனத்தின் வழியாக ஸ்டார் அலையன்ஸ் கோல்ட் வைத்திருப்பவர் போகலாம். குறைவாகப் பறக்கும் ஆண்டுகளில் எனக்கு எட்டக்கூடிய எல்லை எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டு, அடுத்த பயணத்தின் முன்பதிவில் அதன் உறுப்பினர் எண்ணைச் சேர்த்துவிட்டேன். அந்தப் பயணத்தை ஒரே டிக்கெட்டில் எடுத்திருக்கிறேன். கட்டணத்தில் பெட்டி அடங்கியிருக்கிறது. இணைப்பு விமானத்துக்கு முன்னால் போதுமான இடைவெளி இருக்கிறது. அது ரத்தானால் அன்றைக்கே அதே ஊருக்குப் போகும் இன்னொரு விமானம் இருக்கிறதா என்றும் முன்பே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.