வரைபடத்தில் எங்கள் ஊர் நூலகம்
2004-இல் தொடங்கப்பட்ட, யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் ஊரின் பெட்ரோல் பங்க் இருந்தது. கிளை நூலகம் இல்லை. கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்க அனுமதி இல்லாததால், ஞாயிறன்று நேரில் சென்று, கைப்பேசியில் இடத்தைக் குறித்து, தமிழ்ப் பெயருக்கென உள்ள தனிப் புலத்தில் பலகையில் கண்டபடியே எழுதினேன். திறந்திருக்கும் நேரம்தான் சிக்கலாயிற்று: வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை என்பது தெரிந்தது, ஆனால் மாலை நேரத்தை ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மறைத்திருந்தது. நாளிதழ் மேசையில் இருந்த பெரியவர், "எட்டு மணிக்குப் பூட்டிடுவாங்க தம்பி" என்றார். நூலகரிடமும் கேட்டு உறுதிசெய்த பிறகே பதிந்தேன். இரண்டாம் சனியைக் குறிக்க, சனிக்கிழமைக்கான சுருக்கத்தை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் 2 என்று இட்டாலே போதும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.