சமைத்த இறைச்சியின் இனத்தை அறிதல்: ஓர் ஆய்வுகூட அனுபவம்

யாழ்ப்பாணக் கடைகளில் ஆட்டிறைச்சி என்று விற்கப்படும் றோல்சிலும் கொத்து றொட்டியிலும் வேறு இறைச்சி கலந்திருந்தால், அதை எவ்வாறு நம்பகமாகக் கண்டறியலாம் என்பதே என் இறுதியாண்டு ஆய்வின் பொருளாக இருந்தது. மாட்டிறைச்சியைத் தொடாத சைவக் குடும்பங்களும் பன்றியை விலக்கிய முஸ்லிம் குடும்பங்களும் வாழும் ஊரில், இத்தகைய கலப்படத்தால் ஏமாற்றப்படுபவர் பணத்தோடு தாம் பேணிவந்த ஒழுக்கத்தையும் இழக்கிறார்.

பச்சை இறைச்சிக்குப் புரதத்தை இனங்காணும் எலைசா முறை விரைவானது. நன்கு பொரித்த உணவில் பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்துவிடுவதால், டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையை நான் தெரிவுசெய்தேன். கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பான இழைமணியின் டி.என்.ஏ. ஒரே கலத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால், வெப்பத்தில் பெரும்பகுதி சிதைந்தாலும் ஓரளவு எஞ்சும் என்பதே அதன் பலம்.

உண்மையான உழைப்பு டி.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பதிலேயே இருந்தது. கிழங்கு, மா, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றோடும் ஒட்டிக்கிடக்கும் சிறு இறைச்சித் துண்டுகளை இடுக்கியால் பொறுக்கி, கழுவி, புரதத்தைக் கரைக்கும் நொதியத்துடன் 56 பாகை செல்சியசில் இரவு முழுவதும் வைத்தோம். அப்படியும் மசாலாப் பொருட்களின் எச்சம் பி.சி.ஆர். தாக்கத்தைத் தடுக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியின் ஒரு பங்கிலும் தெரிந்த டி.என்.ஏ.யைச் சேர்த்து, அது பெருகுகிறதா என்று பார்த்த பின்னரே அந்த மாதிரியில் தேடிய இனம் இல்லை என்ற முடிவை ஏற்றுக்கொண்டோம். இந்தச் சரிபார்ப்பில்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

முதலில் 1999இல் வெளியான, இழைமணி டி.என்.ஏ.யிலுள்ள சைற்றோகுரோம் பி மரபணுவை அடிப்படையாகக் கொண்ட முறையைப் பின்பற்றினோம். அதில் வெள்ளாட்டுக்கு 157, கோழிக்கு 227, மாட்டுக்கு 274, செம்மறிக்கு 331, பன்றிக்கு 398 மூலச் சோடிகள் (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) நீளமான துண்டுகள் உருவாகி, அவற்றை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். ஒரே குழாயில் பல இனங்களையும் பார்க்கலாம் என்பது சிக்கனமானது. ஆனால் கடும் வெப்பத்தில் நீண்ட துண்டுகளே முதலில் அறுபடுவதால், வெள்ளாட்டுப் பட்டை தெளிவாகத் தெரிவதை வைத்துப் பன்றி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் சந்தேகத்துக்குரிய மாதிரிகளை, நூறு மூலச் சோடியளவு குறுகிய துண்டுகளை நோக்கி, அவை பெருகும்போதே அளக்கும் நிகழ்நேர பி.சி.ஆரில் மீண்டும் சோதித்தோம்.

அடுத்து எழுந்தது அளவு பற்றிய கேள்வி. அதே கத்தியில் அல்லது கொத்துத் தட்டில் ஒட்டிய மாட்டிறைச்சித் துகள்கூடப் பட்டையாகத் தோன்றலாம். அதை வைத்து ஒரு கடைக்காரரின் பெயரைக் கெடுப்பது பெரும் அநீதி. ஐரோப்பாவில் 2013இல் மாட்டிறைச்சி உணவுகளில் குதிரை இறைச்சி வெளிப்பட்டபோது 1 சதவீதத்தை எல்லையாகக் கொண்டே சோதனை முடிவுகளை அறிவித்தார்கள். நாமும் நிறை அளந்து கலந்த இறைச்சியை அதேபோலப் பொரித்து ஒப்பீட்டு மாதிரிகள் செய்தோம். ஈரலுக்கும் தசைக்கும் இழைமணிகளின் எண்ணிக்கை வேறுபடுவதால், அந்த ஒப்பீடும் நிறையை அண்ணளவாகவே காட்டும்.

மாதிரிகளைக் கடைப் பெயரின்றிக் குறியீட்டெண்ணால் மட்டுமே பதிவுசெய்தோம். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் வழக்குக்காக மாதிரி எடுப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போன்ற அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரின் பணி. மாணவ ஆய்வு அதற்கு ஈடாகாது.