நொச்சி வேதும் தம்பியின் சூட்டுப் பெட்டியும்

தம்பி அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறான். போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டும்போது உண்ணி கடித்திருக்கிறது, கசகசா அளவுதான் இருக்குமாம், அவனுக்குத் தெரியவே இல்லை. பத்து நாள் கழித்து தொடையில் சிவப்பாக ஒரு வட்டம், நாளுக்கு நாள் தோசை மாதிரி விரிந்துகொண்டே போயிருக்கிறது. லைம் நோய். லைம் என்பது அவன் மாநிலத்திலேயே இருக்கும் ஊர். 1975 வாக்கில் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதில் ஆரம்பித்த தேடல்தான் இந்தப் பெயர் வரக் காரணம். கிருமி பொரீலியா, திருகு வடிவம், நம்ம ஊர் எலிக்காய்ச்சல் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மருந்தும் அதே டாக்ஸிசைக்ளின்தான்.

மாத்திரை முடிந்தது, அசதியும் முழங்கால் வலியும் போகவில்லை. சிகிச்சைக்கு அப்புறமும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி இழுக்குமாம். அப்போதுதான் யாரோ சொன்னார்கள் என்று இன்ஃப்ராரெட் சானா வாங்கிவிட்டான். மரப் பெட்டி, உள்ளே 50, 55 டிகிரி சூடு.

"அக்கா, கிருமியும் நச்சும் வேர்வையில போயிடுமாம்."

பக்கத்தில் இருந்த அம்மா, "இதுக்கா அம்புட்டுக் காசு? சித்திரையில தேவிபட்டினம் வந்து நம்ம திண்ணையில உக்காரச் சொல்லு" என்றார்.

சிரித்தாலும் அம்மாவுக்கு இந்த விஷயம் தெரியும். 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது விரல் மடங்காமல், மீன் ஆய அரிவாள்மனையில் உட்கார முடியாமல் கிடந்தவர். நொச்சி இலையைப் பானையில் கொதிக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி வேது பிடிப்போம். வெளியே வரும்போது முகம் சிவந்து, முடியெல்லாம் ஒட்டி, ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் லேசாக மடங்கும். அப்புறம் பழையபடி. வலி முழுசாகப் போக எட்டு மாசம் ஆனது, அது போனது நொச்சியால் இல்லை.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். சூடு பட்டால் தசை இளகும், ரத்த ஓட்டம் கூடும், தூக்கம் வரும். அதுக்காக உட்கார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டிச் சூடு பொரீலியாவைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வேர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கின்றன. காய்ச்சலால் கிருமியை அடிக்கும் யோசனை பழசுதான். இதே திருகுக் கிருமி ஜாதியால் வரும் பால்வினை நோயான சிபிலிஸ் மூளைக்கு ஏறியவர்களுக்கு மலேரியாவையே ஏற்றிவிட்டு வைத்தியம் பார்த்த வாக்னர்-யாரெக்குக்கு 1927-ல் நோபல் கொடுத்தார்கள். அதில் செத்தவர்களும் உண்டு, பென்சிலின் வந்ததும் அந்த வைத்தியத்தையே விட்டுவிட்டார்கள். அதுவும் மணிக்கணக்கில் அடிக்கும் நிஜக் காய்ச்சல், பெட்டியில் இருபது நிமிஷம் வேர்ப்பது இல்லை.

முதல் வாரமே தண்ணீர் குடிக்காமல் நாற்பது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, எழுந்ததும் கண் இருட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பிரஷர் மாத்திரை வேறு போடுகிறவன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இப்போது கேட்டுவிட்டான், பதினைந்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் உப்புப் போட்ட மோர், அது அம்மா உத்தரவு. முழங்கால் கொஞ்சம் இளகுகிறதாம், ராத்திரி தூங்குகிறானாம்.

நேற்று போனில் அம்மா கேட்டார், "அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு கொத்து நொச்சி வச்சா என்னடா?"