ரிசல்ட் வரும்வரை

மார்ச் 3
கார்டு பார்த்துப் பலன் சொல்லும் எங்கள் டாரட் குரூப்பில் புது விதிகளைப் பின் செய்தாயிற்று. உடல்நலம், கர்ப்பம், மரணம், கோர்ட் வழக்கு பற்றிக் கேட்கக் கூடாது. மூன்றாம் மனுஷர் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. கார்டு போட்டோ போட்டால் கூடவே சொந்த வாசிப்பையும், அதாவது தனக்குத் தோன்றும் அர்த்தத்தையும், எழுத வேண்டும். ரீடிங் வாங்கியவர் பலித்ததா என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். காசுப் பேச்சு கூடவே கூடாது.

"அப்புறம் எதைத்தான் கேக்கிறதாம்?" என்று அண்ணி சிரித்தாள்.

மார்ச் 4
அம்மாவுக்கு பயாப்ஸி எடுத்தாயிற்று. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகலாமாம்.

மார்ச் 6
குரூப் காற்று வாங்குகிறது. விடிந்தால் "அவர் திரும்பி வருவாரா அக்கா" என்று வரிசையில் நிற்பவர்களை மூன்றாம் மனுஷர் விதி துடைத்துவிட்டது. சொந்த வாசிப்பு எழுதச் சொன்னதில், டைப் செய்ய வராமல் வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்த அம்மாக்களும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் பிரமாதமாக எழுதுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த மூன் கார்டில் நாயும் ஓநாயும் ஏன் சேர்ந்து ஊளையிடுகின்றன என்று ஒருவர் இரண்டு பக்கம். சொல்ல ஆள் இருக்கிறது, கேட்கத்தான் இல்லை.

மார்ச் 7
நைன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், தூக்கம் கெடுக்கும் கவலையின் கார்டு. மறுபடியும்.

மார்ச் 8
போனவர்கள் எல்லாம் ஒரு போலிக் கணக்கின் இன்பாக்ஸில் இருக்கிறார்கள். என் போட்டோ, என் பெயர், நடுவில் ஒரு புள்ளி மட்டும் கூட. அந்தப் போலிக் கணக்கு அவர்களைத் தேடிப்போய், "உங்களுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், பரிகாரத்துக்குப் பணம் அனுப்புங்கள்" என்கிறதாம். முன்பெல்லாம் ஒருத்தி டெத் கார்டைப் பார்த்து அலறினால், "பதிமூன்றாம் கார்டுக்குச் சாவு என்று அர்த்தமில்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது" என்று நாலு பேர் வந்து சொல்வார்கள். இன்பாக்ஸில் அந்த நாலு பேர் இல்லை. ஆன்லைன் விற்பனைத் தளமான இபே 2012இல் கணிப்பு, மந்திரம் விற்கக் கூடாது என்றது. 2015இல் எட்சியும் கெடுபிடி செய்தது. தொழில் நின்றுவிட்டதா என்ன?

மார்ச் 9
ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு போஸ்ட். "அம்மாவுக்கு பயாப்ஸி. ஸ்டார் கார்டு தலைகீழாக வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?"

நீக்கினேன். டாக்டரைக் கேளுங்கள் என்ற வழக்கமான வரியை ஒட்டினேன். விதி சரிதான், நாளைக்கும் அதையேதான் எழுதுவேன். தனியாக அந்தப் பெண்ணிடம் பேசலாமா என்று கை துறுதுறுத்தது. பேசினால் அந்தப் புள்ளிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தூக்கம் போனது.

மார்ச் 10
இன்னொரு அட்மின் தம்பியோடு சண்டை. நீக்க வேண்டாம், கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லலாம் என்றேன். 'ரிசல்ட் என்ன' என்பதை 'இந்த நாட்களை எப்படிக் கடப்பது' என்று. "ஒண்ணை விட்டா ஊரே வரும் அக்கா" என்றான். வரட்டுமே. கடைசியில் அரை மனதாக ஒத்துக்கொண்டான்.

பலித்ததா என்று சொல்லும் விதியை எடுத்துவிட வேண்டும். பலித்தவர்கள்தான் ஓடி வந்து சொல்கிறார்கள். பலிக்காதவர்கள் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு எல்லாமே பலிக்கிற மாதிரித் தெரிகிறது.

அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

மார்ச் 11
போனில் சொல்ல மாட்டார்களாம். நாளை காலை நேரில் வர வேண்டுமாம். அண்ணியும் வருகிறாள்.

மார்ச் 12
குரூப்பைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.